இணைவுப் புரதங்களும் லுகேமியா செல்லின் ஊடுருவலும்: ரத்த செல்லுக்கு ஊடுருவக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

#1 நுண்ணோக்கி (இழை தொடங்கியவர்)

"லுகேமியாவில் பரவுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை, ரத்தத்தில் ஓடுகிற நோய் தொடக்கத்திலிருந்தே உடம்பெல்லாம் இருக்கிறது" என்று வேறோர் இழையில் ஒரு நண்பர், லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோயைப் பற்றி எழுதியிருந்தார். பலரும் ஆமோதித்திருந்தார்கள். அதைத் தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றியது.

ரத்தத்தில் மிதப்பது வேறு. குழாயின் சுவரைத் தாண்டி வெளியேறி, ஈறிலும் தோலிலும் மண்ணீரலிலும் மூளை உறைகளுக்கு இடையிலும் போய்த் தங்கிப் பெருகுவது வேறு. எல்லா லுகேமியாவும் இந்த இரண்டாவது காரியத்தை ஒரே அளவில் செய்வதில்லை. செய்கிறவையும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஒன்று மண்ணீரலைத் தொப்புள் வரை வீங்க வைக்கிறது, ஒன்று கண்குழிக்குள் கட்டியாகிறது, இன்னொன்று மூளைத் தண்டுவட நீரில் போய் ஒளிந்துகொள்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது ஓர் இணைவுப் புரதம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டால், இரு வேறு மரபணுக்களின் பகுதிகள் ஒரே மரபணுவாகிவிடலாம். அதிலிருந்து வரும் புரதம் நல்ல செல்லில் கிடையாது. 1960இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா, அதாவது சிஎம்எல் நோயாளிகளின் செல்களில், இருக்க வேண்டியதைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். அந்தத் துண்டு தொலைந்துபோகவில்லை, 9ஆம் குரோமோசோமுக்கும் 22ஆம் குரோமோசோமுக்கும் இடையே நடந்த கைமாற்றம் அது என்று 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அந்தக் கைமாற்றத்தில் பிறந்ததுதான் பிசிஆர்-ஏபிள் புரதம்.

என் கட்சி இது. இணைவுப் புரதம் செல்லுக்கு ஊடுருவும் திறமையைப் புதிதாகத் தருவதில்லை. வெள்ளையணுவுக்கு அது பிறவிக் குணம். சீழ் பிடித்த இடத்துக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ரத்தக் குழாயைத் தாண்டித்தானே போய்ச் சேருகிறது? எப்போது எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பலாம், எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத்தான் இணைவுப் புரதம் குலைக்கிறது. எந்தக் கட்டுப்பாட்டை, எந்த வழியில் என்பது புரதத்துக்குப் புரதம் மாறும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

#2 திருவாரூர் செந்தில்

அண்ணா, நான் எம்.எஸ்சி. முதலாண்டு. மார்பகம், குடல் மாதிரி கட்டியாக வரும் புற்றுநோயில், ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து செல் கழன்று வருவதுதான் முதல் படி என்று பாடத்தில் வருகிறது. ரத்த செல் எங்கேயுமே ஒட்டியில்லையே? அப்புறம் எது கழல்கிறது?

#3 நுண்ணோக்கி

முக்கியமான கேள்வி, செந்தில். ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த செல்லை நினைத்துக் கேட்கிறீர்கள். அதன் தாய்ச் செல் எலும்பு மஜ்ஜையில் நன்றாகவே ஒட்டியிருக்கிறது. இரண்டு பிடிமானங்களை மட்டும் சொல்கிறேன். மஜ்ஜையின் தாங்குசெல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரந்தபடி இருக்கும். ரத்த மூலச் செல்லின் மேற்பரப்பில் அதற்கான ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. இந்த ஈர்ப்பு இருக்கும்வரை செல் மஜ்ஜையைச் சுற்றியே இருக்கும். இரண்டாவது, பீட்டா1 வகை இன்டெக்ரின்கள் என்ற ஒட்டுப் புரதங்கள். இவை மஜ்ஜையின் இழைப் புரதமான ஃபைப்ரோநெக்டினையும் தாங்குசெல்களையும் நேரடியாகப் பிடித்துக்கொள்பவை.

கன்றுக்குத் தாம்புக்கயிறு எப்படியோ, அப்படித்தான் இளம் ரத்த செல்லுக்கு இவை. பிசிஆர்-ஏபிள் இரண்டிலும் கை வைக்கிறது. சிஎம்எல் நோயாளிகளின் இளம் செல்கள் மஜ்ஜைத் தாங்குசெல்களில் சரியாக ஒட்டுவதில்லை என்று 1987இலேயே நேச்சர் இதழில் வந்துவிட்டது. பிறகு 1994இல் மினசோட்டாவில் ரவி பாட்டியா, கேத்தரின் வெர்ஃபெய் குழுவினர், இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற மருந்தைக் கொடுத்தால் பீட்டா1 இன்டெக்ரின் மறுபடி வேலை செய்து ஒட்டுதல் திரும்புகிறது என்று காட்டினார்கள். அதாவது இன்டெக்ரின் செல்லின் மேலேயே இருக்கிறது, காணாமல் போகவில்லை. அது இயங்கும் முறைதான் கெட்டிருக்கிறது. சிஎக்ஸ்சிஆர்4 பக்கமும் இதே கதைதான். பிசிஆர்-ஏபிள் அந்த ஏற்பியைக் குறைத்து, சிஎக்ஸ்சிஎல்12ஐ நோக்கிய நகர்வைக் கெடுக்கிறது. பிசிஆர்-ஏபிளை அடக்கும் இமாட்டினிப் மாத்திரையைக் கொடுத்தால் ஏற்பி மீள்கிறது.

இது ஏன் இவ்வளவு நேரடியாக நடக்கிறது என்றால், பிசிஆர்-ஏபிள் டைரோசின் கைனேஸ் என்ற வகை நொதி. சைட்டோபிளாசத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்துப் புரதங்களில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏபிளின் வால் பகுதி, செல்லின் எலும்புக்கூடான ஆக்டின் இழைகளையே பிடிக்கக்கூடியது. கிர்க்-எல் போன்ற இணைப்புப் புரதங்கள் வழியாக இன்டெக்ரினுக்கும் ஆக்டினுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையில் அது புகுந்துவிடுகிறது. செல்லின் எலும்புக்கூட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும் நொதி ஒன்று ஓய்வின்றி ஓடினால், அந்தச் செல் ஓரிடத்தில் நிற்குமா? அதன் அசைவே கூடிவிடும். முதிர்வதற்கு முன்பே ரத்தத்துக்கு வந்துவிடும். சிஎம்எல் நோயாளியின் ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் மஜ்ஜையில் இருக்க வேண்டிய மைலோசைட்டுகள் கொத்துக்கொத்தாகத் தெரிவது இதனால்தான்.

#4 மரபணு மாணிக்கம்

நண்பரே, கதை கொஞ்சம் அதிகமாகவே நேர்த்தியாக வந்துவிட்டது. இரண்டு ஆட்சேபங்கள்.

ஒன்று, பிசிஆர்-ஏபிள் ஒட்டுதலைக் குறைக்கிறது என்று மட்டும் சொல்வது போதாது. அதே புரதத்தை எலி செல் வரிசைகளில் ஏற்றிப் பார்த்தபோது ஃபைப்ரோநெக்டினில் ஒட்டுதல் கூடியதாகவும், இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் கொத்தாகச் சேர்ந்ததாகவும் காட்டிய ஆய்வுகள் உண்டு. நோயாளியிடமிருந்து எடுத்த இளம் செல்லில் பார்ப்பதும், தட்டில் பல ஆண்டுகளாக வளர்ந்த செல் வரிசையில் பார்ப்பதும் ஒன்றல்ல. இன்னும் பாருங்கள்: 2006இல் டானியேலா கிரௌஸே, ரிச்சர்ட் வான் எட்டன் குழு நேச்சர் மெடிசினில் எழுதியது, பிசிஆர்-ஏபிள் உள்ள மூலச் செல்கள் எலியின் மஜ்ஜையில் போய்க் குடியேற சிடி44 என்ற ஒட்டுப் புரதம் தேவை என்று. நல்ல மூலச் செல்லுக்கு சிடி44 இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், லுகேமியா செல்லுக்கு நடக்காது. ஆக, கயிறு அறுந்தது என்பதோடு கதை முடியவில்லை. ஒரு பிடியை விட்டு இன்னொரு பிடியைப் பற்றிக்கொள்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் பெரியது. பிசிஆர்-ஏபிளை வைத்து எல்லா இணைவுப் புரதங்களையும் அளக்க வேண்டாம். கைனேஸ் இணைவுகள் ஒரு சாதி. எம்எல்எல் இணைவுகள், ஏஎம்எல்1-இடிஓ, பிஎம்எல்-ராரா இவையெல்லாம் நியூக்ளியஸுக்குள் இருந்துகொண்டு எந்த மரபணு படிக்கப்பட வேண்டும் என்பதையே மாற்றுபவை. இவை ஆக்டினைத் தொடுவதே இல்லை. இவற்றால் எப்படி ஊடுருவல் வரும்? அதைப் பேசாமல் "கட்டுப்பாடு குலைகிறது" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

#5 இரவுப்பணி

ரத்தவியல் பிரிவில் மேற்படிப்புப் படிக்கிறேன். மாணிக்கம் சார் பிரித்தது வார்டிலும் அப்படியே தெரியும். சிஎம்எல்லில் மண்ணீரல் வீக்கம் பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். கைனேஸை நிறுத்தினால் அதன் வேலையும் நிற்கிறது. எம்எல்எல் இணைவு உள்ள மோனோசைட் வகை ஏஎம்எல் (தீவிர மைலாய்டு லுகேமியா) நோயாளி பல் டாக்டரிடமிருந்து ஈறு வீக்கத்தோடு வருவார். அங்கே ஒரே ஒரு நொதியை அடக்கினால் போதும் என்ற நிலை இல்லை.

பிசிஆர்-ஏபிளிலும் ஒரு இடறல் உண்டு. ஏஎல்எல், அதாவது தீவிர லிம்ஃபாய்டு லுகேமியா வகையில் அது வரும்போது மைய நரம்பு மண்டலம் ஒரு புகலிடமாகிவிடும். இமாட்டினிப் மூளைத் தண்டுவட நீருக்குள் மிகக் குறைவாகவே போகும். மஜ்ஜை சுத்தமாக இருக்க, நோய் மூளை உறையில் திரும்பிய நோயாளிகளைப் பற்றி நிறையப் பதிவாகியிருக்கிறது. அதே வகையைச் சேர்ந்த டாசாட்டினிப் மருந்து அந்தத் தடையைக் கொஞ்சம் மேலாகக் கடக்கிறது. எதுவானாலும் முதுகில் ஊசி வழியாக மருந்து கொடுப்பதை நாங்கள் விடுவதில்லை.

#6 நுண்ணோக்கி

மாணிக்கம், உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பார்த்தவற்றிலேயே தெளிவான பதில் சுவிட்சர்லாந்தின் பாசெலில் யூர்க் ஷ்வாலர் குழு 2016இல் கேன்சர் செல் இதழில் வெளியிட்ட எலி ஆய்வு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அது அதற்குத் தகுதியானது.

எம்எல்எல்-ஏஎஃப்9 இணைவை வேண்டும்போது மட்டும் இயக்கும்படி ஓர் எலியை உருவாக்கினார்கள். பிறகு அதே இணைவை வெவ்வேறு படிநிலையில் உள்ள ரத்த செல்களில் இயக்கிப் பார்த்தார்கள். நீண்டகால மூலச் செல்லில் இயக்கினால், தட்டில் வளரும் செல் கூட்டம் இறுக்கமான உருண்டையாக இல்லாமல் சிதறிப் படர்ந்தது. நகர்வுக்கும் ஊடுருவலுக்கும் தொடர்புள்ள மரபணுக்கள் ஓங்கி ஒலித்தன. எலிக்குள் வைத்தபோது, மூலச் செல்லிலிருந்து எழுந்த ஏஎம்எல்களில் சுமார் 20 சதவீதம் மிகவும் மூர்க்கமாக இருந்தன. உறுப்புகளுக்குள் பரவலாகப் புகுந்தன, கீமோவுக்கும் அடங்கவில்லை. கட்டிப் புற்றுநோய்களில் செல் தன் இடத்தை விட்டுக் கழன்று அலையத் தொடங்கும்போது எழும்பும் மரபணுக்கள் உண்டே, அவை இந்த ரத்த செல்களிலும் எழும்பியிருந்தன. அவற்றை நடத்தும் ஜெப்1 மரபணுவை அடக்கியபோது லுகேமியா செல்களின் ஊடுருவல் நன்றாகக் குறைந்தது.

இணைவுப் புரதம் ஒன்றேதான். அது எந்தச் செல்லில் விழுந்தது என்பதைப் பொறுத்து நோயின் மூர்க்கம் மாறுகிறது. அதே ஆய்வில், மனித நோயாளிகளிலும் இந்த வகை மரபணுக்கள் ஓங்கியிருப்பது மோசமான முடிவோடு சேர்ந்து வந்தது.

இதை என் கட்சிக்கு ஆதரவாகவே படிக்கிறேன். ஜெப்1 ரத்த மண்டலத்துக்கு அந்நியமான மரபணு அல்ல, டி-செல் வளர்ச்சிக்கே அது தேவை. மூலச் செல் தன் இயல்பிலேயே மஜ்ஜைக்கும் ரத்தத்துக்கும் இடையே போய்வரும் செல். எம்எல்எல்-ஏஎஃப்9 அந்தச் செல்லில் ஏற்கனவே திறந்திருந்த மரபணுக்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இயல்பான எம்எல்எல் புரதத்தின் வேலையே திறந்திருக்க வேண்டிய மரபணுவைத் திறந்தே வைப்பதுதான். இணைவில் அதன் முன்பாதி டிஎன்ஏவைப் பிடிக்கும், கூட்டாளியின் பின்பாதி படியெடுக்கும் இயந்திரத்தைக் கூட்டி வரும். ஹாக்ஸ்ஏ9, மெய்ஸ்1 போன்ற மரபணுக்கள் அணையாமல் எரியும்.

#7 மரபணு மாணிக்கம்

அந்த ஆய்வு நல்ல ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் 20 சதவீதம் என்பதை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். மூலச் செல்லில் தொடங்கியவற்றிலேயே மீதி 80 சதவீதம் அந்த அளவுக்கு மூர்க்கமாக இல்லை. ஒரே இணைவு, ஒரே வகைச் செல், இருந்தும் முடிவு வேறு. இணைவுப் புரதம் "ஊடுருவலை இயக்குகிறது" என்று தலைப்பு போடும்போது இது மனதில் இருக்க வேண்டும்.

#8 யாழ் குயில்

மாணிக்கம் அண்ணை சொல்வதோட ஒண்டைச் சேர்க்கிறன். குழந்தைகளின்ட ஏஎல்எல்லில அடிக்கடி காணுற ஈடிவி6-ரன்எக்ஸ்1 இணைவும் ஒரு இணைவுப் புரதம்தான். அது பிறக்க முன்னமே வந்திடும். அந்த இணைவைக் கொண்டு பிறக்கிற குழந்தைகளில மிகப் பெரும்பாலானோருக்கு லுகேமியா வாறதே இல்லை. இன்னும் வேற மரபணு மாற்றங்கள் சேர வேணும். வந்தாலும் சிகிச்சைக்கு நல்லாக் கேக்கிற வகை. அதே நேரம் எம்எல்எல்-ஏஎஃப்4ஐப் பாருங்கோ, ஒரு வயசுக்குள்ள வாற குழந்தை, லட்சக்கணக்கில வெள்ளையணு, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, நரம்பு மண்டலத்திலயும் நோய். இணைவு எண்டு சொன்னாலே ஊடுருவல் எண்டு ஆகிடாது. எந்த இணைவு எண்டதுதான் கேள்வி.

#9 கோபுரவாசல்

நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. என் மகளுக்கு ஏழு வயது, ஏஎல்எல் என்று சொல்லி சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 1;19 இடமாற்றம், டிசிஎஃப்3-பிபிஎக்ஸ்1 என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் "மூளைக்குப் போகும் வகை" என்று வருகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. இங்கே பேசுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறது. அது உண்மையா? யாராவது சொல்லுங்கள்.

#10 இரவுப்பணி

ஐயா, இதை நிதானமாகப் படியுங்கள்.

அந்த இணைவு உள்ள ஏஎல்எல்லில் நோய் மைய நரம்பு மண்டலத்தில் திரும்பும் வாய்ப்பு மற்ற வகைகளைவிடக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை. "மூளைக்குப் போகும்" என்பது அதற்கு அர்த்தம் அல்ல. இந்த வகையை முன்பு மோசமான வகையாகத்தான் கருதினார்கள். சிகிச்சையைத் தீவிரப்படுத்திய பிறகு இன்று நன்றாகக் குணமாகும் வகைகளில் ஒன்றாக இதைப் பார்க்கிறோம்.

முதுகில் ஊசி போடுகிறார்கள் அல்லவா, அதன் காரணமே இதுதான். 1960களில் மாத்திரையாலும் ஊசியாலும் குழந்தைகளின் மஜ்ஜையைச் சுத்தமாக்க முடிந்தது. ஆனால் அவர்களில் பலருக்கு நோய் மூளை உறையில் திரும்பியது, ஏனென்றால் மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல், நோய் அங்கே தெரியும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தலைக்குக் கதிர்வீச்சும் தண்டுவட நீருக்குள் மெத்தோட்ரெக்சேட்டும் கொடுத்தார். 1967இல் தொடங்கிய அந்த ஐந்தாம் சிகிச்சைத் திட்டத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். அதற்கு முன் அப்படி ஒரு நிலையே இல்லை. இன்று பெரும்பாலான குழந்தைகளுக்குத் தலைக்குக் கதிர்வீச்சு தேவைப்படுவதில்லை, தண்டுவட நீருக்குள் கொடுக்கும் மருந்தே அந்த வேலையைச் செய்கிறது.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதல் முறை எடுத்த தண்டுவட நீரில் லுகேமியா செல் இருந்ததா, நிலை 1ஆ 2ஆ 3ஆ? இந்த இணைவு இருப்பதால் முதுகு ஊசிகளின் எண்ணிக்கையைக் கூட்டப் போகிறார்களா? இரண்டுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும். ஒரு முதுகு ஊசியைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம். இணையத்தில் தேடுவதை இன்றோடு நிறுத்துங்கள், சந்தேகம் வந்தால் அவர்களிடமே கேளுங்கள்.

#11 வானதி ஃப்ளோ

ஐயா, உங்கள் மகள் நல்லபடியாக வருவாள். நானும் ரிப்போர்ட் போடும் இடத்தில்தான் இருக்கிறேன். இணைவின் பெயர் கண்டுபிடித்து எழுதுவதே டாக்டர் எங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான். பெயர் தெரிந்தது நல்லதற்கே.

#12 மரபணு மாணிக்கம்

ஐயா, இரவுப்பணி மேடம் சொன்னதைக் கேளுங்கள். கீழே எழுதுவது செந்திலுக்கு, நீங்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

செந்தில், ஏஎல்எல் செல் மூளை உறைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதில் ஒரு அழகான கண்டுபிடிப்பு உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையை உடைத்துக்கொண்டு போகிறது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் டோரத்தி சிப்கின்ஸ் குழு 2018இல் நேச்சரில் காட்டியது வேறு. மண்டையோட்டு, முதுகெலும்பு மஜ்ஜையிலிருந்து மூளை உறைகளுக்கு இடையிலான வெளிக்கு நேராகப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உண்டு. அவற்றின் வெளிப்புறத்தில் லாமினின் என்ற புரதத்தின் படலம் இருக்கிறது. ஏஎல்எல் செல்கள் தங்கள் ஆல்ஃபா6 இன்டெக்ரினால் அதைப் பிடித்துப் பிடித்து, குழாய்க்குள் நுழையாமல் அதன் வெளிச்சுவர் மீதே ஊர்ந்து போகின்றன. வளரும் நரம்பு செல்லும் லாமினினைப் பிடித்துத்தான் வழி தேடுகிறது. பிஐ3கே-டெல்டா நொதியைத் தடுத்தால் ஆல்ஃபா6 குறைந்தது, எலிகளில் மைய நரம்பு மண்டல நோயும் குறைந்தது.

டிசிஎஃப்3-பிபிஎக்ஸ்1 உள்ள செல்லில் கூடுதலாக என்ன? அதில் மெர் என்ற ஏற்பிக் கைனேஸ் இயல்புக்கு மாறாக எழும்புகிறது. மெர் மிகுந்த செல்கள் எலியில் மைய நரம்பு மண்டலத்தில் நோயை உண்டாக்கின. அங்கே பெருகாமல் உறங்கிக் கிடந்து, மருந்துக்குத் தப்பும் தன்மையும் அவற்றுக்கு இருந்தது. ஊடுருவலை நகர்வு என்று மட்டும் பார்க்கக் கூடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் பிழைத்திருப்பதும் ஊடுருவலின் பாதி.

நுண்ணோக்கிக்கு ஒரு மறுப்பும் இதிலேயே உண்டு. டி-செல் ஏஎல்எல்லில் பெரும்பாலும் காரணம் நாட்ச்1 மரபணுவின் திரிபு, இணைவே தேவையில்லை. நாட்ச்1 சிசிஆர்7 ஏற்பியை உயர்த்துகிறது, அந்த ஏற்பி இல்லாத லுகேமியா செல்கள் எலிகளின் மூளை உறைக்குள் புகவில்லை என்று 2009இல் நேச்சரில் வந்தது. இணைவு பல வழிகளில் ஒன்று மட்டுமே.

#13 வானதி ஃப்ளோ

எனக்குத் தெரிந்த பக்கத்தையும் சொல்கிறேன். 8;21 இடமாற்றம், அதாவது ஏஎம்எல்1-இடிஓ. இதையும் 1973இல் ஜேனட் ரௌலிதான் கண்டறிந்தார். இந்த வகையில் சிடி56 என்ற ஒட்டுப் புரதம் லுகேமியா செல்லின் மேல் தெரிவது அடிக்கடி பார்க்கும் விஷயம். நரம்பு செல்லும் இயற்கைக் கொல்லி செல்லும் வைத்திருக்கும் புரதம் அது. சிடி56 இருந்தால் மஜ்ஜைக்கு வெளியே, குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கண்குழியைச் சுற்றி, கட்டியாகத் திரளும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அப்படித் திரண்ட கட்டியை வெட்டினால் பச்சையாக இருக்கும், மைலோபெராக்ஸிடேஸ் நொதியின் நிறம். 19ஆம் நூற்றாண்டிலேயே அதற்குக் குளோரோமா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கட்டி மஜ்ஜையில் நோய் தெரிவதற்கு முன்பே வரலாம். அப்போது திசுவை மட்டும் பார்த்தால் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று எண்ணிவிட முடியும். சந்தேகம் வந்தால் மைலோபெராக்ஸிடேஸ் சாயம் கட்டாயம் போட வேண்டும். இணைவையும் தேட வேண்டும், ஏனென்றால் இந்த வகை கீமோவுக்கு நன்றாகக் கேட்கும். தவறான பெயரில் தவறான சிகிச்சை போவது பெரிய இழப்பு.

ஒரு முரண் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இதே ஏஎம்எல்1-இடிஓ, பிஎஸ்ஜிஎல்-1 என்ற மூலக்கூறின் மரபணுவை மூடி வைக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள செலக்டினைப் பிடிக்கும் கொக்கி அது. கொக்கியை இழந்த செல் திசுவுக்குள் எளிதாகப் போகக் கூடாதே?

#14 நுண்ணோக்கி

அக்கா, செலக்டின் கொக்கி மஜ்ஜைக்குத் திரும்பி வருவதற்கும் வேண்டும். அது இல்லாத செல் ரத்தத்திலேயே நீண்ட நேரம் சுற்றும். சுற்றும்போது வேறு ஒட்டுப் புரதம் கையில் இருந்தால், அது பிடிக்கிற இடத்தில் தங்கும். இது என் ஊகம்தான். மஜ்ஜை வேண்டாம் என்று ஆன செல் எங்கேயாவது தங்கித்தானே ஆக வேண்டும்.

#15 இரவுப்பணி

இந்த இழையில் பேச வேண்டிய முக்கியமான நோய் ஒன்று இன்னும் வரவில்லை. எம்3 என்று வார்டில் சொல்லும் புரோமைலோசைட் லுகேமியா. 15;17 இடமாற்றம், பிஎம்எல்-ராரா இணைவு.

இதில் நடப்பது தலைகீழ். கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் வெள்ளையணு குறைவாக இருக்கும், உறுப்புகளுக்குள் ஊடுருவலும் அதிகம் இருக்காது. உயிருக்கு ஆபத்து ரத்தக் கசிவிலிருந்து. இணைவுப் புரதத்தைக் குலைக்கும் மருந்தைக் கொடுத்தவுடன்தான் செல்கள் கிளம்புகின்றன. வெள்ளையணு எகிறும், காய்ச்சல், எடை கூடுதல், மூச்சுத் திணறல், நுரையீரல் படத்தில் வெண்மை. முதிர்வு நோய்க்குறி என்பது இதுதான். கால்வாசிப் பேர் வரை வரலாம். சந்தேகம் வந்த அந்த நிமிடமே டெக்ஸாமெத்தசோன் 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. உறுதியாகட்டும் என்று காத்திருப்பதில்லை.

இந்த மருந்துகளின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஷாங்காயில் வாங் ஜென்-யீ குழு வைட்டமின் ஏ வழிவந்த ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை 24 நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வு 1988இல் வெளியானது. ஹார்பினில் ஜாங் டிங்-டாங் ஆர்சனிக்கைக் கொண்டு வந்தார். வேலூர் சிஎம்சியில் விக்ரம் மேத்யூஸ் குழு ஆர்சனிக் டிரைஆக்ஸைடை மட்டுமே தனி மருந்தாக 72 பேருக்குக் கொடுத்து, 86 சதவீதத்தினரின் நோய் முழுவதும் அடங்கியதை 2006இல் பிளட் இதழில் எழுதியது. நம் ஊர்ச் செலவுக் கணக்கில் அது எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

#16 மரபணு மாணிக்கம்

நுண்ணோக்கி, இது உங்கள் கட்சிக்கு எதிராக அல்லவா நிற்கிறது? இணைவு உடைந்த பிறகு ஊடுருவல் வருகிறது.

#17 நுண்ணோக்கி

இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது, மாணிக்கம். பிஎம்எல்-ராரா செல்லைப் புரோமைலோசைட் படிநிலையில் நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் படிநிலையில் உள்ள செல்லுக்கு நகரும் கருவிகள் முழுதாக அமையவில்லை. மருந்து தடையை எடுத்ததும் கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் நியூட்ரோஃபில் ஆகும் வழியில் நடக்கத் தொடங்குகின்றன. ஒட்டுப் புரதங்கள் எழும்புகின்றன. நுரையீரல் வேதி அழைப்புகளைச் சுரக்கிறது. செல்கள் அங்கே போகின்றன. ஊடுருவும் திறமை எங்கிருந்து வந்தது? இணைவிலிருந்து அல்ல, நியூட்ரோஃபிலின் பிறவிக் குணத்திலிருந்து. ஒரு இணைவு அந்தக் குணத்தைத் தடுத்தே வைத்திருந்தது, இன்னொன்று நேரம் தவறித் திறந்துவிடுகிறது. இரண்டிலும் கை வைக்கப்படுவது ஒரே கட்டுப்பாட்டில்தான்.

எம்எல்எல் பக்கமும் இப்போது அதே அனுபவம் வருகிறது. எம்எல்எல் இணைவுக்கு மெனின் என்ற புரதத்தின் துணை தேவை. அந்தப் பிடியைத் தடுக்கும் ரெவுமெனிப் மருந்துக்கு அமெரிக்காவில் 2024 நவம்பரில் அனுமதி கிடைத்தது. அதன் முதன்மை எச்சரிக்கையே முதிர்வு நோய்க்குறிதான்.

#18 மரபணு மாணிக்கம்

அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன், ஒரு விலக்கோடு. டிசிஎஃப்3-பிபிஎக்ஸ்1இல் மெர் எழும்புவது பி-செல்லின் பிறவிக் குணம் இல்லை. அது வெளியிலிருந்து வந்த பொருள். ஆக, சில இணைவுகள் இருக்கிற கருவியை அவிழ்த்துவிடுகின்றன, சில இல்லாத கருவியையும் கொண்டு வருகின்றன.

#19 நுண்ணோக்கி

அந்த விலக்கு நியாயமானது. சிடி56ஐயும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

#20 திருவாரூர் செந்தில்

அப்படியானால் நகர்வையே தடுக்கும் மருந்து கொடுத்தால் என்ன? ஜெப்1, இன்டெக்ரின், செலக்டின் ஏதாவது ஒன்றை?

#21 இரவுப்பணி

முயன்றிருக்கிறார்கள், தம்பி. சிஎக்ஸ்சிஆர்4ஐத் தடுக்கும் பிளெரிக்ஸாஃபோர் மூலச் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிக்க 2008இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அதையே லுகேமியாவில், செல்களை மஜ்ஜையிலிருந்து வெளியே இழுத்துக் கீமோவுக்குக் காட்டிக்கொடுக்கலாம் என்று சோதித்தார்கள். இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. ஈ-செலக்டினைத் தடுக்கும் உப்ரோலெசெலான், திரும்பி வந்த ஏஎம்எல்லில் மூன்றாம் கட்டச் சோதனையில் ஆயுளை நீட்டிக்கத் தவறியது என்று 2024இல் அறிவித்தார்கள். நகர்வைத் தடுப்பதால் பெருக்கம் நிற்பதில்லை. ஜெப்1, இன்டெக்ரின் போன்றவை நல்ல செல்லுக்கும் வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். இணைவையே குறிவைக்க முடிந்த இடங்களில்தான், சிஎம்எல்லிலும் எம்3இலும், நோயின் தலைவிதி மாறியிருக்கிறது.

#22 கோபுரவாசல்

மேடம், இன்று கேட்டேன். முதல் தண்டுவட நீரில் செல் எதுவும் இல்லை, நிலை 1 என்றார்கள். முதுகு ஊசி எண்ணிக்கையைச் சிகிச்சைத் திட்டத்திலேயே கூட்டி வைத்திருக்கிறார்களாம். அடுத்தது வியாழக்கிழமை. ஒரு சந்தேகம். நீரை எடுத்தவுடனே என்னையே லேபுக்கு ஓடிப்போய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். ஏன் அவ்வளவு அவசரம்?

#23 வானதி ஃப்ளோ

அது எங்கள் பக்கத்துக் காரணம் ஐயா. தண்டுவட நீரில் புரதம் மிகக் குறைவு. அதனால் வெளியே எடுத்த செல்கள் நெடுநேரம் தாங்காது, சீக்கிரமே சிதைந்துவிடும். இரண்டு மூன்று செல்தான் இருக்கிறது என்றால் அவையும் போய்விடும், இல்லை என்று தவறாக எழுத நேரும். குழாயை அறை வெப்பத்தில் அப்படியே கொண்டுபோங்கள், ஐஸில் வைக்க வேண்டாம். லேபில் கொடுக்கும்போது எடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.